எட்டை விட்டு எண்ணியவர்

செருப்பு காலிலிருந்து கழன்று விழுந்தது எனக்குத் தெரியவில்லை. கம்பெனி பேருந்தின் இரண்டாவது படியில் கால் வைத்த பிறகுதான் பின்னால் நின்ற பெண், "அக்கா, உங்க செருப்பு கீழ கெடக்குது" என்றாள். குனிந்து பார்த்தேன். வலது கால் வெறுங்காலாக இருந்தது. விடியற்காலைக் குளிரில் அந்த இரும்புப் படி சில்லிட்டிருக்க வேண்டும். என் பாதத்துக்கு அது எட்டவே இல்லை.

போச்சம்பள்ளியில் ஒரு காலணித் தொழிற்சாலையில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். தையல் லைனுக்கு சூப்பர்வைசர். ஊருக்கெல்லாம் செருப்பு தைத்து அனுப்புகிறவளுக்குத் தன் காலில் செருப்பு இருக்கிறதா என்று தெரியவில்லையே என்று பேருந்தில் சிரித்தார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

அதற்கு இரண்டு வாரம் முன்னால் எனக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்து போயிருந்தன. பிறகு கால் விரல் நுனிகளில் எறும்பு ஊர்வது போல ஒரு குறுகுறுப்பு. நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் உடம்பு, இப்படித்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்து, மருந்துக்கடையில் சத்து மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டேன். இதைப் படிக்கும் உங்களுக்கு முதலில் சொல்ல நினைப்பது இதுதான். குறுகுறுப்பு காலில் தொடங்கி நாளுக்கு நாள் மேலே ஏறினால் மாத்திரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

செருப்பு விழுந்த மூன்றாம் நாள் சமையலறையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவளால் எழ முடியவில்லை. என் கணவர் அந்தோணி கிருஷ்ணகிரியில் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் பாய்லர் பார்க்கிறவர். அதிகம் பேசமாட்டார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, பாரூர் ஏரிப் பாசனப் பகுதியில் இருக்கிற சின்ன வீட்டில் நாங்கள் இருவர்தான். அவர் என்னைத் தூக்கி நிறுத்தினார். கையை எடுத்ததும் மடங்கி விழுந்தேன். மறுபடி தூக்கினார். மறுபடி விழுந்தேன். மூன்றாவது முறை நிறுத்திப் பார்க்கவில்லை, அப்படியே தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

கிருஷ்ணகிரியில் பார்த்துவிட்டு ஒசூருக்கு அனுப்பினார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். கை கால்களில் சின்னச் சின்ன மின்தூண்டல் கொடுத்து நரம்புகள் எவ்வளவு வேகமாகச் செய்தி கடத்துகின்றன என்று பார்த்தார்கள். கில்லன் பாரே என்றார் டாக்டரம்மா (கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் எதிர்ப்புச் சக்தி, ஆள் மாறி, நரம்புகளின் மேலுறையையே தாக்கும் நோய்). பெரும்பாலோர் தேறிவிடுவார்கள், ஆனால் மாதக்கணக்கில் ஆகும், யாருக்கு எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். நடப்பேனா என்று கேட்டேன். "நடக்க வைக்கத்தான் பாக்குறோம்" என்றார். என் கைகள் போர்வைக்கு மேலே கிடந்தன. இவை இனி என் வேலையைச் செய்யுமா, நானே சாப்பிட, நானே உடுத்த, நானே எழுந்து போக முடியுமா என்ற பயம் அன்று வந்தது. ஏறத்தாழ ஒரு வருடம் அந்தப் பயத்துடன்தான் குடித்தனம் நடத்தினேன்.

காலையும் மாலையும் டாக்டரம்மா வந்து ஒரு சோதனை வைப்பார். ஆழமாக மூச்சை இழுத்து, அந்த ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ண வேண்டும். இந்த நோய் மார்புத் தசைகள் வரை ஏறலாம், மூச்சு எவ்வளவு தாங்குகிறது என்று அதில் தெரியும். முதல் நாள் இருபத்தாறு வரை போனேன். மறுநாள் பத்தொன்பது. அதற்கடுத்த நாள் காலை பதினேழு. இன்னும் இறங்கினால் வென்டிலேட்டர் (மூச்சுவிட உதவும் இயந்திரம்) வைக்க வேண்டிவரும் என்று அவர் வராந்தாவில் அந்தோணியிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

அன்று மாலை ஒரு காரியம் செய்தேன். பதினைந்தில் மூச்சு முட்டியதும், இருமுவது போல ஒரு சின்ன மூச்சைத் திருடிக்கொண்டு இருபத்திரண்டு வரை ஓட்டினேன். டாக்டரம்மாவின் கை என் வயிற்றின் மேல் இருந்ததை நான் யோசிக்கவில்லை.

"ஸ்டெல்லாம்மா, இது பரீட்சை இல்ல" என்றார். "நீங்க உண்மையச் சொன்னாத்தான் நான் உங்களப் பாத்துக்க முடியும்."

வெட்கமாக இருந்தது. மறுபடி எண்ணச் சொன்னார். பதினைந்து. நான்கு நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். இம்யூனோகுளோபுலின் (பலர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம்) பாட்டில் பாட்டிலாக ஏறியது. முகம் தெரியாத எத்தனையோ பேர் கொடுத்தது சொட்டுச் சொட்டாக எனக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். எண்ணிக்கை பதினைந்திலேயே நின்றது. பிறகு பதினாறு ஆனது. அந்தப் பதினாறுக்கு நான் அழுத அளவுக்கு, கல்யாணமாகி வீட்டை விட்டுக் கிளம்பிய நாளில்கூட அழுததில்லை.

மூச்சு தப்பியது. கை கால்கள் தப்பவில்லை. வீட்டுக்கு வந்தபோது ஒரு டம்ளரைப் பிடிக்க எனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. அந்தோணி ஊட்டினார், குளிப்பாட்டினார், தலை பின்னினார். அவர் பின்னிய பின்னல் பாய்லருக்குக் கட்டிய கயிறு போலத்தான் இருந்தது. ஒருநாள் கஞ்சி உதட்டில் வழிந்ததற்கு அவர்மேல் எரிந்து விழுந்தேன். இன்னொரு நாள் டம்ளரை எறியப் பார்த்தேன், எறியவும் கையில் வலுவில்லை. அது மடியிலேயே கவிழ்ந்தது. அவர் புடவையைத் துடைத்துவிட்டு இன்னொரு டம்ளர் கொண்டுவந்தார்.

பங்குச் சாமியார் வந்து நற்கருணை கொடுத்து, நெற்றியில் எண்ணெய் தடவி ஜெபித்தார். பக்கத்து வீட்டு லட்சுமம்மா, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், கோயிலில் இருந்து விபூதி கொண்டுவந்து பூசினார். சாமியார் தடவிய எண்ணெய் காய்வதற்குள் விபூதி ஏறியது. எந்தச் சாமி எந்தக் காலைப் பார்த்துக்கொள்வது என்று இருவரும் பேசிவைத்துக்கொள்ளட்டும் என்று சொன்னேன். லட்சுமம்மா சிரித்தார். நான் நகைச்சுவையாகப் பேசி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது என்று அந்தோணி பிறகு சொன்னார்.

வாக்கர் (நான்கு கால் நடைச்சட்டம்) பிடித்து நிற்க ஆரம்பித்ததும் எனக்குள் இருந்த சூப்பர்வைசர் விழித்துக்கொண்டாள். எங்கள் லைனில் ஒவ்வொரு மணிக்கும் ஒரு வெள்ளைப் பலகையில் எழுதுவோம். இலக்கு, ஆனது, குறைவு, காரணம். எத்தனை ஜோடி தைக்க வேண்டும், எத்தனை ஆயிற்று, எவ்வளவு குறைவு, ஏன். பார்க்க வந்த லைன் பெண்களிடம் சொல்லி ஒரு பழைய பலகையை வரவழைத்தேன். ஹார்லிக்ஸும் ஆரஞ்சும் கொண்டுவந்தவர்கள் அடுத்த வாரம் பலகை கொண்டுவந்தார்கள். படுக்கைக்கு எதிரே மாட்டச் சொன்னேன். பந்து அழுத்துவது இருபது, கால் தூக்குவது பத்து, வாசலில் இருந்து குழாய் வரை நடை இரண்டு. ஒவ்வொரு வேளைக்கும் இலக்கு, வாரா வாரம் இலக்கு ஏறும்.

ஒசூரில் ரூபா என்ற பிசியோதெரபிஸ்ட் (தசைப் பயிற்சி தருபவர்) பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்னைப் பார்ப்பார். கன்னடம் கலந்த தமிழில், களைப்பு வருவதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும், ஆறிக்கொண்டிருக்கும் நரம்பை வருத்தினால் பின்னுக்குப் போகும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். அதைப் பொதுவாக எல்லோருக்கும் சொல்லும் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். பதினாறு வருடம் ஓவர்டைம் பார்த்த உடம்புக்கு இது பொருந்தாது என்பது என் எண்ணம்.

லைனில் ஒரு பழக்கம் உண்டு, மேலாளர்களுக்குத் தெரியாது, தெரிந்தாலும் காட்டிக்கொள்ள மாட்டார்கள். ஒன்பது மணிக் கணக்கில் ஆறு ஜோடி குறைந்தால் குறைவு என்று எழுதமாட்டோம். முடிந்ததாக எழுதிவிட்டு, டீ நேரத்தைக் கடித்து அடுத்த மணிக்குள் அந்த ஆறையும் ஈடுகட்டிவிடுவோம். பலகை சுத்தமாக இருக்கும். கண்டிப்பான சூப்பர்வைசர் என்று எனக்குப் பெயர் வந்ததே அந்தச் சுத்தமான பலகையால்தான்.

வீட்டிலும் அதையே செய்தேன். காலையில் பந்து பன்னிரண்டோடு கை நின்றுவிட்டால் இருபது என்று எழுதி, மத்தியானம் எட்டைச் சேர்த்துச் செய்வேன். மத்தியானத்துக் குறைவு சாயங்காலத்துக்குப் போகும். சாயங்காலம் அந்தோணி வேலையிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து எனக்காக எண்ணுவார், அங்கே ஏமாற்ற முடியாது. அதனால் அவர் வருவதற்குள் பகல் பாக்கியை எல்லாம் தீர்த்துவிட வேண்டும் என்று ஓடினேன். வாசலுக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு நொண்டி ஓட்டம். "பதறாத காரியம் சிதறாது" என்று அவர் எப்போதாவது முணுமுணுப்பார். பாய்லர் பார்க்கிறவருக்கு உற்பத்தி பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு மத்தியானம் மூன்றாவது நடையில், குழாய்க்கு நான்கடி இருக்கும்போது, முழங்கால்கள் இரண்டும் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிட்டன. சிமெண்ட் தரையில் பக்கவாட்டில் விழுந்தேன். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் புரளக்கூட முடியவில்லை. போன் உள்ளே இருந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் டிராக்டர் உழுதுகொண்டிருந்தது, நான் கூப்பிட்டது அந்தச் சத்தத்தில் கரைந்தது. கன்னத்துக்குக் கீழே தரை சுட்டது.

குழாயில் தண்ணீர் வந்தும் எங்கள் வீட்டுக் குடம் வைக்கப்படாததைப் பார்த்துத்தான் லட்சுமம்மா எட்டிப்பார்த்தார். தனியாகத் தூக்க அவரால் முடியவில்லை. அந்தோணிக்குப் போன் பண்ணிவிட்டு என்னைச் சுவரோரம் மெதுவாக நகர்த்தினார். பிறகு என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் பிடிக்க வேண்டிய தண்ணீர் நின்று போனது. உங்கள் குடம், உங்கள் குடம் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"தண்ணி நாளைக்கும் வரும்மா. சும்மா படு" என்றார்.

அடுத்த பத்து நாள் எனக்கு டம்ளருக்கு மறுபடியும் இரண்டு கை வேண்டியிருந்தது. ஒசூர் போனபோதும் விடாமல், பலகையைப் படம் எடுத்த போனை ரூபாவிடம் நீட்டினேன். அவர் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பிறகு தன் இரண்டு விரல்களை என் கையில் கொடுத்து அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். போன தடவை எழுதிய குறிப்பை எடுத்துப் பார்த்தார்.

"மேடம், போர்டுல ஏறிட்டே இருக்கு. கையில எறங்கிட்டே இருக்கு" என்றார். "எது நெஜம்?"

அப்போதே எல்லாவற்றையும் சொன்னேன், அந்தோணியை வைத்துக்கொண்டே. ரூபா திட்டவில்லை. ஒரு வாரம் எதுவும் செய்யக் கூடாது, அதற்குப் பிறகு பாதியிலிருந்து தொடங்கலாம் என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வரும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். கணவரின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. சூளகிரி தாண்டியதும் அவராகவே பேசினார்.

"நானும் ஒரு தப்பு பண்ணிக்கினு இருந்தன்."

திரும்பிப் பார்த்தேன்.

"எண்ணுறப்ப எட்ட விட்டுடுவன். ஏழுக்கப்புறம் ஒம்பது. சில நாளு அஞ்சயும் சேத்து விட்டுருக்கன்."

எதற்கு என்று கேட்டேன்.

"ஏழு வந்தா உன் ஒதடு நடுங்கும். என்னால பாக்க முடியல" என்றார். "உனக்குத் தெரியும்னுதான் நெனச்சன்."

எனக்குத் தெரியவில்லை. பெட்டியில் ஒரு ஜோடி குறைந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன் என்று லைனில் பீற்றிக்கொள்பவள் நான். வாரக்கணக்கில் எட்டு இல்லாமல் எண்ணியதைக் கவனிக்கவில்லை. ஒருவேளை என் உடம்பு கவனித்திருக்கும், எனக்குச் சொல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டிருக்கும். அந்த நாட்களில் அதற்குக் கிடைத்த ஓய்வே அவர் விழுங்கிய அந்த எட்டும் ஐந்தும்தான். அன்றுதான் அவரை எனக்குப் பிடித்துப்போனது என்று சொன்னால் பதினேழு வருடக் குடித்தனத்துக்கு அவமரியாதை. ஆனாலும் ஏதோ ஒன்று அன்றுதான் தொடங்கியது. மீதி வழியெல்லாம் அவர் தோளில் சாய்ந்துகொண்டு வந்தேன். பேருந்தில் பார்ப்பார்களே என்று அவர்தான் கூச்சப்பட்டார்.

வீட்டுக்கு வந்து பலகையில் இலக்கு, ஆனது, குறைவு மூன்றையும் துடைக்கச் சொன்னேன். காரணம் மட்டும் மிஞ்சியது. லைனில் அந்தக் கட்டத்தை நாங்கள் யாரும் உண்மையாக நிரப்பியதே இல்லை. ஊசி உடைந்தது, நூல் அறுந்தது என்று எதையாவது எழுதுவோம். வீட்டில் உண்மையை எழுதிப் பழகினேன். "களைப்பு." "இன்று அழுதேன், பயிற்சி இல்லை." "பாதத்தில் எரிச்சல்." என் கை ஓயும்போது அந்தோணி எழுதுவார். "மழை. ஸ்டெல்லா தூங்கினாள். எழுப்பவில்லை." இப்படி எழுத எழுத ஒன்று புரிந்தது. உடம்பு சொல்வதைக் கேட்க எனக்கு யாரும் கற்றுத்தந்ததில்லை, நானும் என் லைன் பெண்கள் யாருக்கும் கற்றுத்தந்ததில்லை. எப்போது நின்றது என்று தெரியாமலே பலகையில் எழுதுவதும் ஒருநாள் நின்றுபோனது.

மனத்திடம் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவது என்று நினைத்திருந்தேன். உங்களிடம் யாராவது அப்படிச் சொன்னால் முழுதாக நம்பாதீர்கள். எனக்குக் கடினமாக இருந்தது தாங்குவது இல்லை, கேட்பது. "கொஞ்சம் பிடிங்க" என்று சொல்வதற்கு நடப்பதைவிட அதிக பலம் தேவைப்பட்டது. அதையும் தினம் கொஞ்சமாகப் பழகினேன். லட்சுமம்மாவிடம் குடம் தூக்கித் தரச் சொன்னேன். எங்கள் பங்குக் கோயிலில் பெஞ்சிலிருந்து எழும்போது பக்கத்தில் இருப்பவரின் கையைக் கேட்டேன். மறுத்தவர் ஒருவரும் இல்லை. இத்தனை நாள் கேட்காமல் இருந்ததுதான் என் வீம்பு.

சின்ன விஷயங்கள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். பாதம் மரத்திருந்தால் வெந்நீரில் காலை விடாதீர்கள், முழங்கையால் தொட்டுப் பாருங்கள். காலணி கழற்றியதும் காயம் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள், கால் சொல்லாது. கூட இருந்து பார்த்துக்கொள்பவர் சாப்பிட்டாரா என்று ஒரு நாளில் ஒரு முறையாவது கேளுங்கள். நான் இரண்டு மாதம் கழித்துத்தான் கேட்டேன்.

பத்தாவது மாதம் வேலைக்குப் போனேன். லைன் வேறொருவரிடம் போயிருந்தது. உட்கார்ந்து பார்க்கும் சோதனைப் பிரிவில் போட்டார்கள், தைத்து வந்த காலணிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அனுப்பும் வேலை. இன்னும் என் உள்ளங்கால்கள் முழுதாக விழிக்கவில்லை. நடக்கும்போது தரையைப் பார்த்துத்தான் நடக்கிறேன். முன்பு ஒரு தையலை நொடியில் அளந்தவள், இப்போது எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டிச் சொல்வதில்லை. ஆகும்போது ஆகும்.

எல்லாவற்றையும்விட யூனிஃபார்ம் கோட்டின் பொத்தான்கள்தான் படுத்தின. ஐந்து பொத்தான். விரல் நுனிக்குப் பொத்தான் எது துளை எது என்று தெரியாது. முதல் நாள் ஐந்தையும் மாட்டுவதற்குள் பேருந்தே போய்விட்டது. அந்தோணி ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். மறுநாள் அவர் மாட்டிவிடக் கை நீட்டினார். வேண்டாம், பக்கத்தில் இருங்கள், கை மட்டும் வைக்காதீர்கள் என்றேன். அரை மணி முன்னதாக எழ ஆரம்பித்தோம். நான் கட்டிலில் உட்கார்ந்து பொத்தானோடு போராடுவேன், அவர் எதிரே காபி டம்ளரோடு உட்கார்ந்திருப்பார்.

சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் பேச ஆரம்பித்தார். ஆலைக்கு வந்த பெங்களூரா மாம்பழ லோடு பற்றி, ஏரி மதகு திறந்தது பற்றி, அவர் அப்பா பற்றி. மூச்சு எண்ணச் சொன்ன நாட்களில் அவரும் வராந்தாவில் நின்று என்னோடு கூடவே எண்ணினாராம். நான் இருபத்திரண்டு என்று சொன்னபோது அவருக்கு மூச்சு எப்போதோ முடிந்திருந்ததாம், ஆனாலும் அடுத்த மூச்சை இழுக்காமல் நின்றிருந்தாராம். பதினாறு வருடம் விடியலில் எனக்குப் பேருந்து, அவருக்கு பாய்லர். எதிரெதிரே உட்கார்ந்து பேசியதில்லை. அந்த மனிதரிடம் இவ்வளவு பேச்சு இருந்தது எனக்குத் தெரியாது.

பொத்தான்கள் நாளாக நாளாகச் சீக்கிரம் மாட்டின. பத்து நிமிடம் ஆறானது, ஆறு நான்கானது. போன வாரம் ஒரு காலை, அவர் வாய்க்கால் கரையில் பார்த்த நீர்ப்பாம்பைப் பற்றி ஆரம்பித்திருந்தார். கதை பாதிக்கு வருவதற்குள் என் விரல்கள் ஐந்தையும் மாட்டி முடித்துவிட்டன. நான் விரல்களைப் பார்க்கக்கூட இல்லை. வருடம் முழுக்க வேண்டிக் காத்திருந்தது நடந்துவிட்டது. அவருக்கும் தெரிந்தது. முகமெல்லாம் சிரிப்பாக, டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

எனக்குச் சந்தோஷம் வந்தது. அதன் பின்னாலேயே வேறொன்றும் வந்தது.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குதுங்க. உக்காருங்க" என்றேன்.

அவர் என் கோட்டைப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை எல்லாம் மாட்டியிருந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.